அப்பாவின் ஃபெல்ட் தொப்பி உருக்குலைந்துவிட்டது: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

வடலி (ஸ்காபரோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1986இல் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவர். மூன்று ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவியபின் ஓர் அச்சகத்தில் நிரந்தர வேலை கிடைத்தபோது, முதல் மாதச் சம்பளத்தில் அவர் தமக்கென்று வாங்கிய ஒரே பொருள் ஒரு சாம்பல் நிற ஃபெடோரா தொப்பி. உள்ளே இருக்கும் தோல் பட்டியில் பில்ட்மோர் என்ற பெயரும் குவெல்ஃப் என்ற ஊரின் பெயரும் பொன்னிறத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன; பொன் பாதி அழிந்துவிட்டது, எழுத்தின் தடம் மட்டும் விரலில் தட்டுப்படுகிறது. எங்கள் சிறு வயதில் குளிர்காலம் முழுவதும் அந்தத் தொப்பியோடுதான் அவரைப் பார்த்திருக்கிறோம்.

நாங்கள் ஸ்காபரோவுக்கு வீடு மாறியபோது அது ஓர் அட்டைப் பெட்டியில் நிலவறைக்குப் போய்விட்டது. சென்ற வசந்தத்தில் நிலவறைக்குள் நீர் கசிந்தபின் பெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போதுதான், இரண்டு பயணப் பெட்டிகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த அதைக் கண்டெடுத்தேன். முகட்டின் வலப்பக்கம் முற்றாக உள்ளே விழுந்திருக்கிறது. விளிம்பு அலை அலையாக நெளிந்திருக்கிறது. பின்பக்கத்தில், நீர் பட்டுக் காய்ந்த இடத்தில், வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. அப்பா தலையில் வைத்துப் பார்த்தபோது நெற்றியை இறுக்குகிறது என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

வருகிற ஒக்டோபரில் என் மூத்த மகனுக்குத் திருமணம். அப்பாவுக்கு இப்போது 78 வயது. திருமண நாளன்று வெளியில் எடுக்கும் படங்களில் அவர் இந்தத் தொப்பியை அணிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. கேத்திலில் எழும் ஆவியில் காட்டினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். தண்ணீரில் நனைத்துப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்துக் காயவைக்கச் சொல்கிறார்கள் வேறு சிலர். பொருளைப் பாழாக்கிவிடுவேனோ என்ற பயத்தில் இதுவரை எதுவும் செய்யவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஊசிநூல் (மொன்றியல்) எழுதியது:

சகோதரி, நீங்கள் விவரித்திருப்பவற்றில் மீட்க முடியாதது எதுவும் இல்லை. இந்த நகரத்தில் தொப்பி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இதுவரை ஒன்றும் செய்யாமல் இருந்தீர்களே, அதுதான் நீங்கள் செய்த மிக நல்ல காரியம். பெரும்பாலானவர்கள் நேராகக் கேத்திலை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் கடைக்கு வந்த பாழான தொப்பிகளில் பெரும்பங்கு அப்படிப் பாழானவைதாம்.

காரணத்தை விளங்கிக்கொண்டால் வேலையின் வரிசை தானாகவே விளங்கிவிடும். ஃபெல்ட் என்பது நெய்த துணியன்று. அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. முயல், பீவர் போன்ற விலங்குகளின் மென்மையான உள்மயிரை எடுத்து, சூடு, ஈரம், அழுத்தம் மூன்றையும் கொடுத்துப் பிசையும்போது, மயிரிழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு இறுகுகின்றன. அந்த இறுக்கமே ஃபெல்ட். ஆகவே மறுபடியும் சூடும் ஈரமும் கொடுத்தால் அது இளகும், கைக்கு இணங்கும், ஆறியதும் புதிய வடிவில் நிற்கும். நல்ல தொப்பி ஒன்றை இவ்வாறு பலமுறை திருத்தலாம். ஆனால் உள்ளே இருக்கும் தோல் பட்டியின் குணம் இதற்கு நேர்மாறானது. கேத்திலின் மூக்கிலிருந்து வரும் ஆவி கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இருக்கும். பழைய தோல் அதற்குக் குறைந்த சூட்டிலேயே சுருங்கி விறகுபோல் ஆகிவிடும், பின்னர் எதைத் தடவினாலும் திரும்பாது.

விளிம்பு நெளிந்திருக்கிறது என்கிறீர்கள், நெற்றியில் இறுக்குகிறது என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். ஈரம் பட்டுக் காய்ந்தபோது தோல் பட்டி சுருங்கி, தன்னோடு தைக்கப்பட்டிருக்கும் ஃபெல்ட்டின் அடிச்சுற்றையும் உள்ளே இழுத்துவிட்டது. அடிச்சுற்று சிறுத்து, வெளி ஓரம் பழைய அளவிலேயே இருக்கும்போது, மிஞ்சிய ஃபெல்ட் அலையாக நெளிவதைத் தவிர வேறு வழியில்லை. பட்டியைச் சரிசெய்யாமல் விளிம்பை எத்தனை முறை தேய்த்தாலும், மறுநாளே நெளிவு திரும்பி வரும்.

ஆகவே முதல் வாரம் முழுவதையும் பட்டிக்கு ஒதுக்குங்கள். தொப்பியைக் கவிழ்த்து, பட்டியை வெளிப்புறமாக மடித்து, அதன் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். செந்நிறத் தூள் விரலில் ஒட்டினால் தோல் உளுத்துவிட்டது, புதிய பட்டிதான் தைக்க வேண்டும். தூள் இல்லாமல், வெடிக்காமல் வளைந்து கொடுத்தால் உயிர் இருக்கிறது. நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். பிறகு தோலுக்கான களிம்பை விரல் நுனியில் ஒரு பயற்றங்காய் விதையளவு எடுத்து, தோலின் மேல் மட்டும் தேய்த்துவிடுங்கள். தோலுக்கும் ஃபெல்ட்டுக்கும் இடையில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாளை வைக்க மறந்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பசை ஃபெல்ட்டில் இறங்கினால் அந்தக் கறையோடு தனியே போராட வேண்டியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மூன்று முறை செய்தால் போதும். தோல் இளகியபின், தொப்பி விரிக்கும் மரக்கருவி ஒன்றை வாங்கி உள்ளே பொருத்துங்கள். இரண்டு அரைவட்ட மரத்துண்டுகளும் நடுவில் ஒரு திருகும் கொண்ட எளிய கருவி அது. இரவுக்குக் கால் சுற்று மட்டுமே திருக வேண்டும், அதற்குமேல் ஆசைப்பட்டால் தையல் பிரியும். அப்பாவின் தலையை நெற்றியின் நடுவிலும் காதுகளுக்குச் சற்று மேலுமாகச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 58 சென்ரிமீற்றர் என்றால் இங்கு 7¼ என்ற அளவு. தொப்பி அந்த அளவுக்கு வந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

அதன் பிறகே ஆவி. தொடங்குமுன் குதிரைமயிர்த் தூரிகையால் தூசியை முழுவதும் நீக்குங்கள். தூசியோடு ஆவி பட்டால் அது ஃபெல்ட்டுக்குள் இறங்கிச் சேறாகிவிடும். மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தூரிகை போக வேண்டும். ரிப்பனைப் பிரிக்க வேண்டியதில்லை, ஆனால் அதன்மேல் நேரடியாக ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் இறங்கலாம், ரிப்பனே சுருங்கலாம். பட்டியை வெளியே மடித்து, உலர்ந்த துணியால் சுற்றி மூடுங்கள். கேத்தில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, முகட்டின் நசுங்கிய பகுதியை வெளிப்புறத்திலிருந்து ஆவியில் காட்டுங்கள். அரை நிமிடத்தில் அந்த இடம் கையில் தொய்வதை உணர்வீர்கள். உடனே ஆவியிலிருந்து விலக்கி, உள்ளே கையை விட்டு, முட்டியின் மழுங்கிய பக்கத்தால் மெல்ல வெளியே தள்ளுங்கள். விரல் நுனியால் தள்ளினால் மேலே சிறு கொப்புளங்கள்போல் தடம் விழும். ஒரே மூச்சில் முழு முகட்டையும் நிமிர்த்த முயலாமல் பகுதி பகுதியாகச் செய்து, நடுவிலுள்ள பழைய குழிவையும் நீக்கி, குழிவே இல்லாத வெறும் குவிந்த முகடாக ஆக்குங்கள். அந்த நிலையில் ஓர் இரவு ஆறட்டும்.

பாத்திரத்தின் மேல் கவிழ்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மனிதத் தலை வட்டமன்று, நீள்வட்டம். நெற்றியிலிருந்து பிடரிவரையுள்ள நீளம் பக்கவாட்டு அகலத்தைவிடக் கூடுதல். பாத்திரம் வட்டமானது. ஆகவே முகட்டின் மேற்பாதியைத் தாங்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம், பட்டி இருக்கும் அடிச்சுற்றுவரை இறக்கிவிடக் கூடாது.

மறுநாள் விளிம்பு. மேசை ஓரத்தில் முகடு கீழே தொங்கும்படி விளிம்பை வைத்து, மேலே ஈரமான பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் ஃபெல்ட் நீளும். ஒவ்வோர் அங்குலமாகச் சுற்றி வந்தபின், முன்புறத்தைக் கீழ்நோக்கியும் பின்புறத்தைச் சற்று மேல்நோக்கியும் விரல்களால் வளைத்துவிட்டால் பழைய தோற்றம் வந்துவிடும். கடைசியாக, இலேசாக ஆவி காட்டி, கையின் பக்கவாட்டால் முகட்டின் நடுக்குழிவையும், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் முன்புறத்தின் இரண்டு குழிவுகளையும் இடுங்கள். பழைய படம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொருவரும் தம் தொப்பியைத் தமக்கே உரிய விதத்தில் குழித்து வைத்திருப்பார்கள். அப்பாவின் கை இட்ட குழிவு எது என்பது படத்தில் தெரியும்.

வெள்ளைக் கோடு நீர் காய்ந்த எல்லையில் தங்கிய அழுக்கு. அந்தக் கோட்டை மட்டும் துடைத்தால் அதற்கு வெளியே இன்னொரு கோடு விழும். அந்தப் பக்கம் முழுவதற்கும் சீராக ஆவி காட்டி, தூரிகையால் தேய்த்து, ஒரே நேரத்தில் உலரவிடுங்கள். மிச்சம் இருந்தால், மிக நுண்ணிய 400ஆம் எண் உப்புத்தாளால், காற்றைத் தொடுவதுபோல் இரண்டு மூன்று முறை தடவினால் போகும்.

இன்னொன்று: பில்ட்மோர் தொப்பிகள் இந்த மாகாணங்களில் ஒரு காலத்தில் எவ்வளவு பெயர் பெற்றிருந்தன என்பதற்கு, 1952இல் மெமோரியல் கோப்பையை வென்ற குவெல்ஃப் இளையோர் ஹாக்கி அணி அந்தத் தொப்பி நிறுவனத்தின் பெயரையே தாங்கியிருந்தது என்பதைச் சொன்னால் போதும். உங்கள் அப்பா நல்ல பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

தெற்குக்காற்று (மெல்பேர்ண்) எழுதியது:

ஊசிநூல் ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். நனைப்பதை அவர் பேசாமலே விட்டுவிட்டார், ஆனால் எல்லாத் தொப்பிக்கும் அது தீங்கன்று. இங்கே அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கெம்ப்சியில் செய்யப்படும் அகூப்ரா தொப்பிகள் முயல்மயிர் ஃபெல்ட்டால் ஆனவை. மழையிலும் வெயிலிலும் மாட்டுப் பண்ணைகளில் உழைப்பவர்கள் அணிவதற்காகவே உருவானவை. அவற்றை மழையில் நன்றாக நனையவிட்டு, தலையிலேயே காயவைத்து வடிவம் கொண்டுவருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொப்பி புதியதாகவும் பட்டி நல்ல நிலையிலும் இருந்தால் அது நடக்கும். உங்களுடையது முப்பது ஆண்டுகளுக்குமேல் பழையது, பட்டி ஏற்கெனவே ஒருமுறை நனைந்து சுருங்கியது, ஆகவே உங்களுக்கு அந்த வழி வேண்டாம்.

எந்த வழியையும் தொடங்குமுன் அது மயிர் ஃபெல்ட்டா, ஆட்டுக் கம்பளி ஃபெல்ட்டா என்று பார்த்துவிடுங்கள். மயிர் ஃபெல்ட் மெல்லியதாக, வழுவழுப்பாக இருக்கும். விளிம்பை அழுத்தி விட்டால் துள்ளி நிமிரும். கம்பளி ஃபெல்ட் தடிப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். ஈரம் பட்டால் கூடுதலாகச் சுருங்கும், திருத்திய வடிவத்தையும் அதிக நாள் தாங்காது.

சூட்டைப் பற்றி என் சொந்த இழப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி மதியம் என் பழுப்பு நிறத் தொப்பியைக் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து எடுத்தபோது 58 அளவாக இருந்தது 56க்கு வந்துவிட்டிருந்தது. விரிக்கும் கருவியில் ஒரே இரவில் முழுவதையும் மீட்க அவசரப்பட்டுத் திருகினேன். காலையில் பட்டியின் பின்பக்கத் தையல் பிரிந்து, தோல் நடுவில் கிழிந்திருந்தது. அது என் மாமனார் தந்த தொப்பி. கால் சுற்று என்று ஊசிநூல் ஐயா சொன்னதைத் தயவுசெய்து எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடியுங்கள்.

வடலி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விளிம்பை அழுத்திப் பார்த்தேன், துள்ளி நிமிர்ந்தது. ஆகவே மயிர் ஃபெல்ட்தான் என்று நம்புகிறேன். தோலில் தூள் இல்லை. தொடங்குமுன் ஒரே ஒரு சந்தேகம். பழைய தொப்பிகளில் பாதரசம் இருக்கும், ஆவி காட்டினால் நஞ்சு வெளியே வரும் என்று என் மருமகள் ஆகப்போகிறவர் எச்சரிக்கிறார். இது உண்மையா?

ஊசிநூல் எழுதியது:

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நல்ல கவனமுள்ள பிள்ளை. மயிரிழைகள் எளிதில் சிக்கிக்கொள்வதற்காக, பாதரச நைட்ரேட் கரைசலை மயிரில் தடவும் முறை இரண்டு நூற்றாண்டுகளாக இருந்தது. மயிரின் நுனி அதில் செம்மஞ்சள் நிறம் பெறுவதால் அதற்குக் கேரட்டின் பெயரையே வைத்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக் குழப்பமும் வந்தன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பெயர்போன டேன்பரி நகரத்தின் பெயராலேயே அந்த நடுக்கம் அழைக்கப்பட்டது. அமெரிக்கத் தொப்பித் தொழிலில் இந்த முறை 1941 இறுதியில் கைவிடப்பட்டது. உங்கள் அப்பா வாங்கியது 1989இல், அப்போது புதியதாகவே வாங்கியிருந்தால் இந்தக் கவலை தேவையில்லை. 1930களைச் சேர்ந்த தொப்பி யாரிடமாவது இருந்தால், அதற்கு வீட்டில் ஆவி காட்டவே வேண்டாம் என்பதே என் கருத்து.

திரைக்குப்பின் (சென்னை) எழுதியது:

நாடகக் குழு ஒன்றின் உடைகளைப் பராமரிப்பவன். பராமரிப்பைப் பற்றி மட்டும் சில வரிகள். நிலவறையில் இருந்த தொப்பி என்பதால், முதலில் அந்துப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் தொப்பிக்குள் கைவிளக்கை ஏற்றி வெளியிலிருந்து பார்த்தால், புழு அரித்த இடங்கள் மீன்முள் முனையளவு வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின், அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர்ந்த ஃபெல்ட்டின் மேல் ஈரம் வியர்க்கும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் எனக்குப் பூஞ்சைதான் பெரிய தொல்லை. உங்கள் ஊரில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஓடும் வெப்பக்காற்று தோலை உலர்த்திவிடும் என்பதால், காற்று வரும் துவாரத்துக்கு அருகில் வைக்காதீர்கள். தொப்பியை விளிம்பு தரையில் படும்படி வைப்பதும் தவறு, விளிம்பு தட்டையாகிவிடும். முகடு கீழே இருக்கும்படி மல்லாக்க வைக்க வேண்டும். எடுக்கும்போது முன்புறக் குழிவுகளைக் கிள்ளித் தூக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்த இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். விளிம்பை இரு கைகளாலும் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

வடலி எழுதியது:

நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பூச்சி இல்லை. பட்டியை வெளியே மடித்தபோது, அதற்குப் பின்னால், நெற்றிப் பக்கத்தில், நான்காக மடித்த நாளிதழ்த் துண்டு ஒன்று இருந்தது. தேநீர் நிறத்துக்கு மாறி, தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. மெல்ல விடுவித்து விரித்துப் பார்த்தபோது அது பிரெஞ்சு நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கம். ஓரிரு வரிகளின் கீழ் அப்பாவின் கையெழுத்தில், பென்சிலால், தமிழில் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. தொப்பி அன்று சற்றுப் பெரிதாக இருந்ததால் மடித்துச் செருகியதாக அப்பா சொன்னார். கடையில் 7¼ அளவுதான் இருந்ததாம். அடுத்த சிறிய அளவு வரும்வரை காத்திருக்க அவருக்கு மனமில்லையாம்.

பட்டி பத்து இரவுகளில் பழைய அளவுக்கு வந்தது. முகட்டை நிமிர்த்தும்போது ஒருமுறை விரல் நுனியால் தள்ளிவிட்டேன், நீங்கள் சொன்ன கொப்புளம் விழுந்தது. மறுபடி ஆவி காட்டித் தேய்த்ததும் மறைந்தது. வெள்ளைக் கோடு, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும் அளவில் இருக்கிறது. விளிம்பின் நெளிவு முழுவதும் போய்விட்டது. ஆனால் முன்விளிம்பு ஆவிக்குப் பிறகு கொஞ்சம் தொய்வாகவே நிற்கிறது. மேலும், தாள் இல்லாமல் தொப்பி இப்போது அப்பாவுக்குத் தளர்வாக இருக்கிறது. அந்தத் தாளையே மறுபடி செருகலாமா?

ஊசிநூல் எழுதியது:

தாளைச் செருக வேண்டாம். நாளிதழ்த் தாளில் அமிலம் உண்டு, அது தோலையும் அரிக்கும், வியர்வையை உறிஞ்சி அந்த இடத்திலேயே ஈரத்தைத் தேக்கியும் வைக்கும். நெற்றிப் பக்கத்தில் பட்டி சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதைத் தட்டையாக ஓர் உறையில் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பதிலாக, தொப்பிக் கடைகளில் விற்கும் மெல்லிய நுரைப் பட்டியை, ஒட்டும் பசையைப் பிரிக்காமல், இரண்டு விரல் நீளத்துக்கு இரண்டு துண்டுகளாக வெட்டி, பட்டிக்குப் பின்னால் நெற்றியின் நடுவில் ஒன்றும் பிடரியில் ஒன்றுமாகச் செருகுங்கள். சுற்று முழுவதும் வைத்தால் நீள்வட்டம் கெடும்.

தொய்வுக்குக் காரணம் விறைப்புக்காக முன்பு இடப்பட்ட பொருள் ஆவியில் இளகியதுதான். பழைய காலத்தில் அதற்கு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பயன்படுத்தினார்கள். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் விடும் அதே பிசின், இந்தியாவிலிருந்தே பெரும்பாலும் வந்தது. இப்போது தெளிப்பானாகவே கிடைக்கிறது. விளிம்பின் அடிப்பக்கத்தில் மட்டும், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரே ஒரு முறை தெளித்து, நீங்கள் விரும்பும் வளைவில் காயவிடுங்கள். இரண்டாம் முறை தெளிக்கத் தோன்றினால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கூடிப்போனால் வெண்மையாகப் பூத்துவிடும். திருமணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாகவே இதை முடித்துவிட்டு, அப்பாவைத் தினமும் மாலையில் அரைமணி நேரம் அணிந்து நடக்கச் சொல்லுங்கள். தலையின் சூட்டில்தான் பட்டி அவருடைய நெற்றிக்கு ஏற்றபடி படியும்.